நடைபாதைக்கு அடியில் ஓர் எல்லை

அமெரிக்க நகரங்களின் பழைய குடியிருப்புத் தெருக்களில், நடைபாதையை ஒட்டிய புல்தரையில், உள்ளங்கையளவு இரும்பு மூடி ஒன்று மண்ணோடு மண்ணாகப் பதிந்திருக்கும். அதற்குக் கீழே, உறைபனி எட்டாத ஆழத்தில், ஒரு வால்வு. தெருவில் ஓடும் மெயின் குழாயிலிருந்து அந்த வால்வு வரை வரும் குழாய் நகரத்தின் சொத்து. வால்வைத் தாண்டி வீட்டு மீட்டர் வரை போகும் குழாய் வீட்டுக்காரரின் சொத்து. ஊருக்கு ஊர் விதி சற்று மாறினாலும் பெருவழக்கு இதுதான். ஆனால் மண்ணைத் தோண்டிப் பார்த்தால் அங்கே இரண்டு குழாய்கள் தெரிவதில்லை. ஒரே காலத்தில், பெரும்பாலும் ஒரே உலோகத்தில் போட்ட ஒரே குழாய்தான் கிடக்கும். கணக்குப் புத்தகத்தில் மட்டுமே அது இரண்டாக அறுபடுகிறது. கடந்த 30 ஆண்டுகளாக, ஈயக் குழாய்களை அகற்றும் செலவை யார் ஏற்பது என்று அமெரிக்க நகரங்கள் திணறி வந்ததற்குப் பணப் பற்றாக்குறையோடு இந்த எல்லைக்கோடும் ஒரு பெரிய காரணம். புதுத் தெரு போடவும் புதுக் குழாய் இழுக்கவும் முன்னோர் கண்ட ஒரு நிதி ஏற்பாட்டிலிருந்து பிறந்த கோடு அது. கட்டுவதற்குக் கைகொடுத்த அந்த ஏற்பாடு, கட்டியதை மாற்ற வேண்டிய காலத்தில் முட்டுக்கட்டையாகிவிட்டது. தெருவைத் தோண்டும்போதே வீட்டுப் பக்கத்துக் குழாயையும் பொதுச் செலவில் மாற்றிவிடுவதுதான் முறை என்பதை இதன் வரலாறே எடுத்துச் சொல்கிறது.

வீட்டுக்கு முன்னால் உள்ள தெருவுக்கு வீட்டுக்காரரே பணம் தர வேண்டும் என்பது பழைய எண்ணம். 1666இல் லண்டன் தீயில் அழிந்தது. மறு ஆண்டு நகரத்தைத் திரும்பக் கட்ட இயற்றிய சட்டம், தெருவும் வடிகாலும் சீராவதால் யாருக்குப் பயனோ அவர்களிடமே பயனுக்கேற்ப வசூலிக்க வழிசெய்தது. 1691இல் நியூயார்க் குடியேற்றம் அதே எண்ணத்தைத் தன் சட்டத்தில் எழுதிக்கொண்டது. அமெரிக்காவில் 'சிறப்பு விதிப்பு' என்று பெயர்பெற்ற முறையின் வேர் இதுதான். பொதுவான சொத்துவரியிலிருந்து இது வேறு. ஒரு தெருவுக்குக் கல் பாவினால், அந்தத் தெருவில் மனை வைத்திருப்பவர்கள் மட்டும், பெரும்பாலும் மனை முகப்பின் அடிக்கணக்கில், செலவைப் பகிர்ந்துகொள்வார்கள். சிகாகோவின் முதல் சில பத்தாண்டுகளின் நிதி வரலாற்றை ஆராய்ந்த ராபின் ஐன்ஹார்ன், அந்த நகராட்சி இந்த முறையை எவ்வளவு தூரம் கொண்டுபோனது என்பதை விரிவாக எழுதியிருக்கிறார். தெருவாசிகளில் மனை உள்ளவர்கள் மனு கொடுத்தால் தெரு வரும். அவர்களே பணம் தருவார்கள். முடிவும் அவர்கள் கையில். எவருடைய பணமும் இன்னொருவர் தெருவுக்குப் போகாது என்பதால் சண்டை குறைவு. ஆனால் வசதியுள்ள தெருவில் கல் தளமும் வசதியற்ற தெருவில் சேறும் தங்கின. மனை இல்லாதவருக்குத் தெருவைப் பற்றிப் பேசவே இடம் இல்லாமல் போயிற்று.

இந்த முறையின் அடிப்படை நியாயத்தை நீதிமன்றங்கள் பலமுறை உரசிப் பார்த்தன. ஒஹாயோ மாநிலத்தின் நார்வுட் என்ற சிற்றூர், ஒரு பெண்மணியின் நிலத்தின் ஊடே தெருவை நீட்டியது. எடுத்த நிலத்துக்கு 2,000 டாலர் இழப்பீடு கொடுத்தது. பிறகு அந்த 2,000 டாலரையும் வழக்குச் செலவையும் சேர்த்து, சிறப்பு விதிப்பு என்ற பெயரில் அவருடைய மிச்ச நிலத்தின் மேலேயே சுமத்தியது. 1898இல் உச்ச நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. ஒருவர் அடைந்த தனிப் பயனைக் கணிசமாக மிஞ்சி அவரிடம் வசூலித்தால், அது இழப்பீடு தராமல் சொத்தைப் பறிப்பதற்குச் சமம் என்றது. மூன்றே ஆண்டில், 1901இல், கான்சஸ் சிட்டி வழக்கு ஒன்றில் அடிக்கணக்கு முறையை அதே நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. இரண்டு தீர்ப்புகளுக்கும் பொதுவான கேள்வி ஒன்று உண்டு: இதனால் பயன் யாருக்கு? அந்தக் கேள்விக்கு யாரும் முழுமையான பதில் சொல்லிவிடவில்லை. தெரு என்பது வீட்டுக்காரர் நடக்கும் இடம் மட்டும் இல்லை. ஊரே நடக்கும் வழி. ஆனாலும் வளர்ந்துகொண்டிருந்த நகரங்களுக்கு இந்த முறை வசதியாக இருந்தது. பொதுக் கஜானாவைத் தொடாமலேயே மைல் கணக்கில் தெருக்கள் எழுந்தன.

தண்ணீர் வந்தபோது அதே தர்க்கம் அதற்கும் போனது. நீர்த்தேக்கம், நீரேற்று நிலையம், மெயின் குழாய் எல்லாம் நகரத்தின் கடன்பத்திரப் பணத்தில் வந்தன. தெருக் குழாயிலிருந்து வீட்டுக்குக் கிளை இழுப்பது வீட்டுக்காரரின் விருப்பம் என்றும் அவர் செலவு என்றும் ஆயிற்று. கிணறும் அடிபம்பும் இருந்த காலத்தில் அது சரிதான். குழாய்த் தண்ணீர் அன்று ஒரு வசதிப்பொருள், வேண்டியவர் வாங்கிக்கொள்ளலாம். காலராவுக்கும் டைபாய்டுக்கும் பிறகு நிலைமை மாறியது. குழாய் இணைப்பு சுகாதாரக் கடமை ஆகிவிட்டது. வீட்டுக்குள் வரும் குழாய் எந்த உலோகத்தில் இருக்க வேண்டும் என்பதைக்கூட நகரங்கள் தம் விதிப் புத்தகத்தில் எழுதத் தொடங்கின. பல ஊர்களில் அந்த உலோகம் ஈயம். நம் வீடுகளில் ரசம் வைக்கும் ஈயச்சொம்பு வெள்ளீயத்தால் ஆனது. இங்கே பேச்சு காரீயத்தைப் பற்றியது. காரீயம் வளைந்துகொடுக்கும், மண் அமிழ்ந்தாலும் உடையாது, இரும்பைவிடப் பல ஆண்டு கூடுதலாக உழைக்கும். 1900 வாக்கில், 30,000 பேருக்கு மேல் வாழ்ந்த அமெரிக்க நகரங்களில் 70 விழுக்காட்டுக்கு மேற்பட்டவை ஈயக் குழாயைப் பயன்படுத்தின என்று வரலாற்றாய்வு சொல்கிறது. அது நஞ்சு என்பது அப்போதே தெரியாத செய்தி இல்லை. மாசசூசெட்ஸ் மாநில சுகாதார வாரியம் 1890களிலேயே குழாய்த் தண்ணீரால் வந்த ஈய நோயை ஆராய்ந்தது. ஆனாலும் 1928இல் அமைந்த ஈயத் தொழில் சங்கம், பிளம்பிங் விதிகளில் ஈயத்துக்கு இடம் கிடைக்கப் பல ஆண்டுகள் பாடுபட்டது. சிகாகோவின் விதி, சிறிய வீட்டு இணைப்புகளுக்கு ஈயத்தைக் கட்டாயமாகவே வைத்திருந்தது. 1986இல் நாடாளுமன்றம் நாடு முழுக்கத் தடைசெய்யும் வரை அது நீடித்தது. அந்த நகரத்தில் ஏறத்தாழ 4 லட்சம் ஈய இணைப்புகள் இருப்பதற்கு இதுவே காரணம்.

இந்த வாதத்தின் அச்சாணி இங்கேதான் இருக்கிறது. இன்று 'தனியார் குழாய்' என்று பெயர் பெற்றிருப்பதைத் தனியார் தம் விருப்பப்படி தேர்ந்தெடுத்தார்கள் என்று பல ஊர்களில் சொல்ல முடியாது. நகரம் விதித்த உலோகத்தை, நகரம் உரிமம் தந்த பிளம்பர், நகர ஆய்வாளரின் கண்முன் பதித்தார். வீட்டுக்காரர் செய்தது பணம் கொடுத்தது மட்டும்தான். ஆக, பொது ஆணையின் பேரில் வந்த ஒரு பொருளுக்குத் தனிச்சொத்து என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. அது நஞ்சென்று எல்லோரும் ஒப்புக்கொண்ட நாளில், ஆணையிட்டவர் பொறுப்பிலிருந்து விலகிக்கொள்ள அந்தப் பெயர் வழிகொடுத்தது.

அந்த விலகலின் சட்ட வரலாறு ஒரே சொல்லைச் சுற்றி நடந்தது. 1991இல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை ஈயம், தாமிரம் குறித்த விதியைக் கொண்டுவந்தது. சோதித்த வீடுகளில் பத்தில் ஒன்றுக்கு மேல் ஈயம் லிட்டருக்கு 15 மைக்ரோகிராமைத் தாண்டினால் நகரம் நடவடிக்கை எடுக்க வேண்டும். குழாய் அரிப்பைத் தடுக்கும் மருந்தைத் தண்ணீரில் கலந்தும் குறையாவிட்டால் ஆண்டுக்கு 7 விழுக்காடு ஈயக் குழாய்களை மாற்ற வேண்டும். எந்தக் குழாய்களை? நகரத்தின் 'கட்டுப்பாட்டில்' உள்ளவற்றை. கட்டிடம் வரையிலான குழாய் முழுவதும் நகரத்தின் கட்டுப்பாட்டில் இருப்பதாகவே முகமை கருதத் தொடங்கியது. குடிநீர் நிறுவனங்களின் சங்கம் வழக்குத் தொடுத்தது. அந்த விளக்கத்தைப் பற்றிப் பொதுமக்கள் கருத்தை முறைப்படி கேட்கவில்லை என்ற காரணத்தால், 1994இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைத் திருப்பி அனுப்பியது. 2000ஆம் ஆண்டுத் திருத்தத்தில் கட்டுப்பாடு என்பது சொந்தம் என்று சுருங்கிப்போனது. அதன் பிறகு நகரத்தின் கடமை வால்வோடு முடிந்தது. வீட்டுக்காரர் தன் பங்குக்குப் பணம் தர மறுத்தால், நகரம் தன் பாதியை மட்டும் மாற்றிவிட்டு, கடமை தீர்ந்தது என்று கணக்கு எழுதலாம்.

பாதியை மாற்றுவதால் பாதி நன்மையாவது வராதா என்று கேட்கத் தோன்றும். வாஷிங்டன் நகரம் அதற்குக் கசப்பான பதிலைத் தந்தது. அங்கே 2000ஆம் ஆண்டின் இறுதியில் கிருமிநாசினியைக் குளோரினிலிருந்து குளோரமினுக்கு மாற்றினார்கள். குழாயின் உட்சுவரில் படிந்து காத்துநின்ற படலம் கரைந்தது. தண்ணீரில் ஈயம் ஏறியது. 2004இல் செய்தி வெளியே வந்து மக்கள் கொதித்தபோது, நகரம் சுமார் 10 கோடி டாலர் செலவில் ஆயிரக்கணக்கான குழாய்களை மாற்றியது. அவற்றில் பெரும்பாலானவை பாதி மாற்றம்தான். வால்வு வரை புதுத் தாமிரம், அதற்கப்பால் பழைய ஈயம். அறுக்கும்போது ஏற்படும் அதிர்வில் உட்சுவரின் ஈயத் துகள்கள் உதிர்கின்றன. தாமிரமும் ஈயமும் தண்ணீரில் சேர்ந்து நிற்கும்போது மின்வேதி வினையால் ஈயம் இன்னும் வேகமாக அரிக்கிறது. பாதி மாற்றிய வீடுகளில் குழந்தைகளின் ரத்தத்தில் ஈயம் உயரும் அபாயம் குறைந்ததாகத் தெரியவில்லை என்று நோய்க்கட்டுப்பாட்டு மையத்தின் ஆய்வு காட்டியது. பாதி மாற்றத்தால் ஈய அளவு நம்பத்தக்க வகையில் குறைவதில்லை என்று 2011இல் சுற்றுச்சூழல் முகமையின் அறிவியல் ஆலோசனைக் குழுவும் சொன்னது. கணக்குப் புத்தகத்தின் கோட்டை மதித்து வேலை செய்ததால் கோடிக்கணக்கான டாலர் மண்ணுக்குள் போனது. குழந்தைகளுக்குப் பாதுகாப்பு வந்தபாடில்லை.

இதைவிட முக்கியமானது, தெரு வேலையே வீட்டுப் பக்கத்துக் குழாயைக் கெடுக்கிறது என்ற உண்மை. சிகாகோவின் ஈய இணைப்புள்ள வீடுகளில் நடந்த ஆய்வு ஒன்று 2013இல் வெளியானது. மெயின் குழாய் மாற்றம், மீட்டர் பொருத்தம், தெரு தோண்டல் என்று ஏதோ ஒரு வேலையில் குழாய் அசைந்த வீடுகளில் ஈய அளவு கூடுதலாக இருந்ததை அது பதிவு செய்தது. 2016 தொடக்கத்தில் மில்வாக்கி நகரம் இந்த அச்சத்தாலேயே மெயின் குழாய் மாற்றும் பணிகளை நிறுத்திவைத்தது. பழைய மெயினை எடுத்துப் புதியது போட்டு, அதோடு ஈயக் கிளைகளைத் திரும்ப இணைப்பது வீட்டில் இருப்பவருக்குத் தீங்கு என்று நகரமே உணர்ந்த தருணம் அது. தெருவைத் தோண்டுவது நகரத்தின் முடிவு; நாளைக் குறிப்பதும் ஒப்பந்தக்காரரை அமர்த்துவதும் நகரமே. அந்த வேலையால் உதிரும் ஈயம் மட்டும் வீட்டுக்காரரின் தனிப்பட்ட பிரச்சினை என்றால், எந்த நியாயத் தராசிலும் அது நிற்காது. 'பயன் யாருக்கோ செலவு அவருக்கு' என்ற பழைய தத்துவத்தையே எடுத்துக்கொண்டாலும், கேடு யாரால் வந்ததோ செலவு அவருக்கு என்பது அதன் மறுபாதி அல்லவா?

விஸ்கான்சின் மாநிலத் தலைநகர் மேடிசன் இந்தக் கோட்டை முதலில் துணிந்து தாண்டியது. 1992 சோதனையில் அங்கே 16 மைக்ரோகிராம் வந்தது. வரம்பை மயிரிழையில் மீறிய அளவு. வழக்கமான தீர்வு, தண்ணீரில் பாஸ்பேட் கலப்பது. அது குழாயின் உள்ளே படலம் உண்டாக்கும். ஆனால் மேடிசன் ஏரிகளின் ஊர். பாஸ்பரஸ் மிகுந்து பாசி படரும் மென்டோட்டா, மொனோனா ஏரிகளைப் பற்றிய கவலையும், கழிவுநீரிலிருந்து பாஸ்பரஸை நீக்கும் செலவும் நகரத்தை யோசிக்க வைத்தன. அப்படியானால் குழாயையே எடுத்துவிடுவோம் என்று முடிவெடுத்து, 2000இல் ஈயக் குழாய் வைத்திருப்பவர் அதை மாற்றியே தீர வேண்டும் என்று சட்டம் போட்டார்கள். பத்தாண்டுக்கும் மேல் ஓடிய வேலையில் சுமார் 8,000 ஈயக் குழாய்கள் வெளியே வந்தன. வீட்டுக்காரருக்குச் சராசரியாக 1,300 டாலர் அளவில் செலவானது. அதில் பாதியை, 1,000 டாலருக்கு மிகாமல், நகரம் திருப்பித் தந்தது. அந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்பதுதான் கவனிக்க வேண்டிய இடம். குடிநீர்க் கட்டணத்திலிருந்து எடுக்கத்தான் குடிநீர்த் துறை விரும்பியது. மாநிலப் பொதுச் சேவை ஆணையம் ஒப்பவில்லை. ஆகவே நீர்த்தொட்டிக் கோபுரங்களின் உச்சியில் கைப்பேசி நிறுவனங்களின் ஆன்டெனாக்களை வைக்க இடம் கொடுத்து, அந்த வாடகையைக் கொண்டு வீட்டுக்காரர்களுக்கு உதவினார்கள். ஒரு நகரம் தன் குழந்தைகளின் தண்ணீரைக் காக்க இப்படிச் சுற்றுவழி தேட வேண்டியிருந்தது.

ஆணையத்தின் மறுப்பை அலட்சியமாக ஒதுக்கிவிடக் கூடாது. அதன் பின்னால் நேர்மையான ஓர் ஆட்சேபம் இருக்கிறது. குடிநீர்க் கட்டணம் கட்டுபவர்களில் பலர் புதிய வீடுகளில் வாழ்கிறார்கள். அவர்கள் குழாய் தாமிரம். இன்னும் சிலர் முன்பே தம் கைப்பணத்தில் ஈயத்தை மாற்றிக்கொண்டவர்கள். அவர்கள் மாதாமாதம் கட்டும் பணத்தில் அடுத்தவர் சொத்தைச் சீர்செய்வது பாரபட்சம் என்பது அந்த வாதம். இதற்கு இரண்டு பதில்கள் உண்டு. முதலாவது, குடிநீர் அமைப்பு எப்போதுமே அப்படித்தான் இயங்குகிறது. ஊரின் கடைக்கோடியில் உடைந்த மெயினைச் சரிசெய்ய, நீரேற்று நிலையத்தின் பக்கத்து வீட்டுக்காரரும் பணம் தருகிறார். யாருடைய தெருவில் எந்த ஆண்டில் குழாய் போட்டார்கள் என்று பார்த்துக் கட்டணம் விதிப்பதில்லை. இரண்டாவது, பழைய வீட்டில் ஈயம் இருப்பதற்கு அங்கே குடியிருப்பவர் காரணம் இல்லை. அன்றைய விதியும் அன்றைய நகரமும்தான் காரணம். அந்த நகரத்தின் சொத்தையும் கடனையும் இன்றைய நகரம் சேர்த்தே சுமக்கிறது. ஏற்கெனவே செலவழித்தவருக்கு ஓரளவு திருப்பித் தரலாம். அவர் மேல் விழுந்த சுமையை மற்ற ஒவ்வொரு வீட்டுக்காரர் மேலும் தனித்தனியே போட்டு அதைச் சமன் செய்ய முடியாது. விஸ்கான்சின் சட்டமன்றமே கடைசியில் இந்தப் பக்கம் நகர்ந்தது. 2018 பிப்ரவரியில் கையெழுத்தான சட்டம், வீட்டுப் பகுதிக் குழாயை மாற்றும் செலவில் பாதி வரை கட்டண வருவாயிலிருந்து மானியமாகக் கொடுக்க வழிவிட்டது. மேடிசன் ஆன்டெனா வாடகையில் செய்ததை மற்ற ஊர்கள் நேர்வழியில் செய்யும் உரிமை, மேடிசன் வேலையை முடித்துப் பல ஆண்டுகள் கழித்துக் கிடைத்தது.

அடுத்த ஆட்சேபம் சிக்கனத்தின் பெயரால் வருவது. மருந்து கலந்தாலே ஈயம் அடங்குமென்றால், வீடு வீடாகத் தோண்டுவது எதற்கு? இதில் பாதி உண்மை. குழாய் மாறும் வரைக்கும் மருந்து இன்றியமையாதது. அதைக் கைவிடச் சொல்ல எவருக்கும் துணிவு வராது. ஆனால் மருந்தை நம்பி ஈயத்தை மண்ணில் விட்டுவைப்பது, நூறாண்டுக்கும் ஒரு நாள்கூடத் தவறே நடக்காது என்று பந்தயம் கட்டுவதற்குச் சமம். வாஷிங்டனில் கிருமிநாசினியை மாற்றிய ஒரே முடிவால் அந்தப் பந்தயம் தோற்றது. மிச்சிகனின் பிளின்ட் நகரத்தில் 2014 ஏப்ரலில், செலவைக் குறைக்க, தண்ணீர் ஆதாரத்தை பிளின்ட் ஆற்றுக்கு மாற்றினார்கள். அரிப்பைத் தடுக்கும் மருந்தைச் சேர்க்கவில்லை. 2015 அக்டோபரில் பழைய ஆதாரத்துக்குத் திரும்புவதற்குள் கேடு நடந்து முடிந்துவிட்டது. நியூ ஜெர்சியின் நியூவார்க் நகரத்தில் பல ஆண்டுகள் பயன்படுத்திய சிலிகேட் மருந்து பலனிழந்தது. மூன்று ஊர்களில் மூன்று காரணங்கள். அடியில் கிடந்தது ஒரே உலோகம். சிக்கனம் பார்த்தாலும் கணக்கு வேறு திசையில் போகிறது. ஒரு இணைப்பை மாற்றும் செலவில் பெரும்பங்கு குழாய்க்குப் போவதில்லை. தார்ச்சாலையை வெட்டுவதற்கும், பள்ளம் தோண்டுவதற்கும், மூடித் திரும்பத் தளம் போடுவதற்கும் போகிறது. தெருவை எப்படியும் புதுப்பிக்கப் போகிறோம் என்றால், அந்தச் செலவின் பெரும்பகுதி ஏற்கெனவே மதிப்பீட்டுப் பட்டியலில் இருக்கிறது. புதுத் தார் காய்வதற்குள் அதே இடத்தை வேறொரு துறை வந்து வெட்டுவதைப் பார்த்து மனம் நொந்த எவருக்கும், குழாயை முதலில் மாற்றிவிட்டுத் தெருவை மூடுவதன் அருமையை விளக்க வேண்டியதில்லை.

மூன்றாவது ஆட்சேபம் உரிமையைப் பற்றியது. என் நிலத்துக்குள் வரும் குழாயை மாற்றுவதா வேண்டாமா என்பதை நான் தீர்மானிக்கக் கூடாதா? விருப்பத்துக்கு விட்டால் என்ன ஆகும் என்பதும் பதிவாகியிருக்கிறது. வாஷிங்டனில் வீட்டுக்காரர் தன் பகுதிக்குப் பணம் கொடுத்தால் நகரம் தன் பகுதியை மாற்றும் என்ற திட்டம் ஓடிய ஆண்டுகளை அமெரிக்கன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆராய்ந்தார்கள். வருமானம் குறைந்த பகுதிகளில் முழு மாற்றம் மிகக் குறைவாகவே நடந்திருந்தது. நியூவார்க்கில் நான்கில் மூன்று பங்கு மக்கள் வாடகை வீடுகளில் வாழ்கிறார்கள். குடிப்பவர் ஒருவர், முடிவெடுப்பவர் இன்னொருவர். அந்த இன்னொருவர் ஊரிலேயே இல்லாமலும் இருக்கலாம். அங்கேயும் முதலில் வீட்டுக்காரரிடம் ஒரு பங்கு கேட்டார்கள், வேலை நகரவில்லை. 2019இல் மாவட்ட நிர்வாகம் 12 கோடி டாலர் கடன்பத்திரத்துக்குப் பொறுப்பேற்றது. வீட்டுக்காரரின் சம்மதம் கிடைக்காவிட்டாலும் நுழைந்து மாற்றலாம் என்று நகரமன்றம் சட்டம் போட்டது. யாரிடமும் பணம் கேட்கவில்லை. மூன்று ஆண்டுக்குள் 23,000க்கும் மேற்பட்ட இணைப்புகள் மாறின. உரிமை பெரிது என்பதில் ஐயமில்லை. ஆனால் சொத்துரிமை என்பது தன் சொத்தைக் காக்கும் உரிமை. தன் வீட்டில் வாடகைக்கு இருப்பவரின் குழந்தை எந்தத் தண்ணீரைக் குடிக்கிறது என்பதை விலைபேசும் உரிமையாக அதை எந்தச் சமூகமும் நினைத்ததில்லை.

இப்படிப் போனால் எல்லை எங்கே? ஒழுகும் கழிவுநீர்க் கிளைக் குழாய், வெடித்த வாசற்படி, சாய்ந்த வேலி எல்லாவற்றுக்கும் பொதுப்பணமா என்று கேட்பவர்கள் உண்டு. எல்லை வேண்டும் என்பது நியாயம். அதை வகுப்பதும் கடினம் இல்லை: பொது விதி பொருத்தச் சொன்னது, மூன்றாம் மனிதர் உடல்நலத்தைக் கெடுக்கக்கூடியது, பொது வேலையால் மோசமாகக்கூடியது என்ற மூன்றும் ஒருசேரப் பொருந்தும் இடத்தில் பொதுப்பணம் போகலாம். ஈய இணைப்பு மூன்றிலும் நிற்கிறது. வேலி ஒன்றிலும் நிற்காது. பணம் திரட்டும் வழிகளும் மெல்ல மாறித்தான் வருகின்றன. தெருவைத் திரும்பப் போடும்போது வீட்டுக்காரர் தலையில் ஒரே நாளில் ஆயிரக்கணக்கான டாலர் இறங்கும் சிறப்பு விதிப்பை, விஸ்கான்சினின் ஆப்பிள்டன் நகரம் 2015இல் கைவிட்டது. பதிலுக்கு ஊரிலுள்ள ஒவ்வொரு வாகனத்துக்கும் ஆண்டுக்கு 20 டாலர் பதிவுக் கட்டணம் வைத்தது. தெருவைத் தேய்ப்பவர்கள் எல்லோரும் சிறிது சிறிதாகத் தரட்டும் என்ற எண்ணம் அது. மில்வாக்கி 2017இல் வீட்டுக்காரர் பங்கை மூன்றில் ஒன்றாக்கி, 1,600 டாலருக்கு மேல் போகாமல் வரம்பிட்டு, பத்தாண்டில் தவணையாகக் கட்ட வழிசெய்தது; பிற்பாடு அந்தப் பங்கையும் விட்டுக்கொடுத்தது. 1691இல் தொடங்கிய 'முகப்புக்காரரே தரட்டும்' என்ற கொள்கை, மூன்று நூற்றாண்டு கடந்து, தெருவிலும் குழாயிலும் ஒரே நேரத்தில் தளர்ந்துவருகிறது.

2021 உள்கட்டமைப்புச் சட்டம் ஈயக் குழாய் மாற்றத்துக்கென்றே 1,500 கோடி டாலர் ஒதுக்கியது. 2024 அக்டோபரில் வந்த புதிய விதி, பெரும்பாலான ஊர்கள் பத்தாண்டுக்குள் ஈய இணைப்புகளை அகற்ற வேண்டும் என்றது. 'கட்டுப்பாடு' என்ற அந்தப் பழைய சொல்லுக்கும் அது புதுப் பொருள் தந்தது: யாருடைய சொத்து என்பதை விட்டுவிட்டு, நகரத்தால் அங்கே போய் மாற்ற முடியுமா என்பதைப் பார்த்தது. 1991இல் எழுந்த எண்ணம் ஒரு தலைமுறை அலைந்து திரும்பி வந்திருக்கிறது. ஆனால் செலவை நகரமே ஏற்க வேண்டும் என்று அந்த விதி கட்டளையிடவில்லை. ஆகவே ஒவ்வொரு நகரமன்றமும் தன் மேசையில் இதே கேள்வியைச் சந்தித்தாக வேண்டும்.

அப்போது அவர்கள் மிச்சிகனின் லான்சிங் நகரத்தை நினைத்துப் பார்க்கலாம். பிளின்டிலிருந்து 90 கிலோமீட்டர் தூரம்கூட இல்லை. இரண்டும் கார்த் தொழிலில் வளர்ந்து, அதன் சரிவில் அடிபட்ட ஊர்கள். லான்சிங் குடிநீர், மின்சார வாரியத்திடம் ஒரு வேறுபாடு இருந்தது: அங்கே வீட்டு மீட்டர் வரைக்கும் குழாய் வாரியத்தின் சொத்து. யார் பங்கு எது என்ற வழக்குக்கே அங்கு இடமில்லை. வாஷிங்டன் செய்தியைக் கேட்ட 2004இல் வேலையைத் தொடங்கினார்கள். தெருவில் ஒரு குழி, வீட்டோரத்தில் ஒரு குழி; பழைய ஈயக் குழாயை இழுத்து வெளியே எடுக்கும்போதே, அதன் வாலில் கட்டிய புதுத் தாமிரம் அதே துளை வழியே உள்ளே போகும் முறையைப் பழகிக்கொண்டார்கள். 2016 டிசம்பரில் கடைசி ஈயக் குழாய் வெளியே வந்தது. 12,000க்கும் மேற்பட்ட இணைப்புகள், சுமார் 4 கோடியே 45 லட்சம் டாலர். பிளின்ட் தன் முதல் குழாய்களைத் தோண்டத் தொடங்கியது அதே 2016இல். எப்படித் தோண்டுவது என்று கற்றுக்கொடுக்க வந்தவர்கள் லான்சிங் தொழிலாளர்கள். அறிவும் கருவியும் இரண்டு ஊருக்கும் எட்டும் தூரத்தில்தான் இருந்தன. ஆனால் லான்சிங்கில் அந்த இழுவைக் கம்பி நடைபாதையோரத்து வால்வில் நிற்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை. மீட்டர் வரைக்கும் ஒரே இழுப்பில் போனது.